பெற்ற பிள்ளை

பழைய காகிதங்களைப் பிரிப்பவர்கள் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நல்லது, ஐயா. நான் கட்டிக்கொண்டேன். அக்கா கட்டிக்கொள்ளவில்லை.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன் நான். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்க அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பது ஒரே மகள். அவள் ஒருநாள் ஒரு பல் டாக்டரைக் கூட்டிவந்து, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். தங்கமான பையன். ஆட்டம் கண்டிருந்த என் கடைவாய்ப் பல்லை அன்றே பார்த்து வைத்தியம் சொன்னான். ஒரே குறை, அநாதை விடுதியில் வளர்ந்தவன்.

அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, "யாரு பெத்த பிள்ளையோ" என்றேன். அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மகள் கத்தவில்லை. "உங்க கொள்ளுத்தாத்தாவ யாரு பெத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

அது எங்கள் குடும்பத்தில் யாரும் கிளறாத சங்கதி. எங்கள் வம்சத்தின் பெருமையெல்லாம் ஒரு மர வியாபாரியிடமிருந்து தொடங்குகிறது. கொள்ளுத்தாத்தா அவருக்கு ஒரே பிள்ளை. என்ன சிக்கல் என்றால், வியாபாரியின் மனைவி இறந்து, அவர் தலையும் நரைத்த பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளை. எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கனைத்துக்கொள்வார்கள். அந்தக் கனைப்பை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆதாரத்தோட காட்டுறேன். காட்டிட்டா நீ அந்தப் பையன மறந்துடணும்" என்றேன்.

"காட்ட முடியலன்னா?"

"நானே முன்னால நின்னு கல்யாணத்த நடத்தி வைக்கிறேன்."

நதிமூலம் பார்க்காதே என்று சொல்லிவைத்தவர்கள் மடையர்களா? நான் பார்க்கப் போனேன்.

குடும்பக் காகிதங்கள் அக்கா வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அக்காவுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் அடுத்த அறைக்குக்கூடப் போகமாட்டாள். அன்று மத்தியானம் அதை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை நடுக்கூடத்தில் திறந்து உட்கார்ந்தாள்.

வியாபாரி தன் கைப்பட எழுதிய சொத்துப் பத்திரம் கிடைத்தது. 'மருத்துவச்சியிடத்தில் பெற்ற பிள்ளைக்கு' எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். எனக்கு ஒரே குதூகலம். ஊருக்குத் தெரியாமல் மருத்துவச்சியோடு ஒரு தொடர்பு, அதில் ஒரு பிள்ளை. முப்பாட்டன் நடத்தை கெட்டவர் என்று நிரூபணமானதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். முறை தப்பினால் என்ன, ரத்தம் தப்பவில்லையே. மீசையில் மண் ஒட்டவில்லை என்று அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

அக்கா சிரித்தாள். "பெத்ததுன்னா பெத்தெடுத்தது மட்டுந்தானாடா? கைநீட்டி வாங்குனாலும் பெற்றதுதான். இதுகூடத் தெரியாமலா அத்தன வருஷம் பிழை திருத்துன?"

பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். மருத்துவச்சியின் கைரேகை வைத்தது. சந்தை வாசலில் கிடந்த, தாய் தகப்பன் தெரியாத குழந்தையை வியாபாரியிடம் ஒப்படைத்ததாகச் சொன்னது. அதற்கு இரண்டு அர்த்தம் இல்லை.

"அப்பா எனக்கு அப்பவே காட்டிட்டாரு. தம்பிகிட்ட சொல்லாத, தாங்கமாட்டான்னாரு. சாயங்காலம் பாப்பா வருவா. பந்தயத்துல நீ தோத்துட்டன்னு அவகிட்ட இத நாந்தான் காட்டுவேன்."

மறுபடியும் சிரித்தாள். என் தலையில் குட்டிவிட்டு ஓடுகிற பழைய அக்காவின் சிரிப்பு. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. என்னைப் படைத்தவனே பிழைவிட்டதுபோல இருந்தது. சிரிப்பு இருமலானது. பெட்டித் தூசி வேறு. இருமல் இழுப்பானது.

இன்ஹேலர் என் பக்கம் இருந்தது. எடுத்துக்கொண்டேன். கொடுப்பதற்காகத்தான் எடுத்தேன், ஐயா. கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்.

"பாப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுக்கா. தந்துடுறேன்."

கையை நீட்டினாள். வாக்குக் கொடுக்க நீட்டுகிறாளா, மருந்தை வாங்க நீட்டுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. தெளிவில்லாத இடத்தில் அவசரப்பட்டுக் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை.

பிறகு அறை அமைதியாகிவிட்டது. கைரேகைத் தாளை அடுப்பில் போட்டேன். வந்த டாக்டர், தூசியும் வயசும் சேர்ந்துகொண்டன என்றார். நானும் ஆமாம் என்றேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அந்தக் காகிதத்த அத்தை போன மாசமே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டாங்கப்பா. நீங்களா கண்டுபிடிச்சு, நீங்களா வந்து சரின்னு சொல்லணும்னு ஆசப்பட்டாங்க. அதான் உங்ககிட்ட யாரும் சொல்லல."

அதாவது ஏற்கெனவே ஊரறிந்த ரகசியத்துக்குத்தான் நான் காவல் காத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை அச்சகத்தில் யாரும் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கக் கூடாது. மறுநாள் துவைப்பதற்காக என் சட்டையை எடுத்தவள், பையில் இன்ஹேலரைப் பார்த்தாள். நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் இருக்கிறாள். எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனானே, அவன்தான் பல் டாக்டர். யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

கடைசியில் அக்கா சம்மதிக்கவே இல்லையா என்று கேட்கிறீர்கள். தலையை ஆட்டினாள், ஐயா. சரி என்றுதான் ஆட்டினாள், திரும்பத் திரும்ப ஆட்டினாள். தலையாட்டலை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியுமா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.