பன்னிருவரை அனுப்பிய பெருந்தகைக்கு நன்றி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, மேடையில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவரையும்விடக் கூர்மையாக என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பத்தாம் வகுப்புக் கணக்கு நூல், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்லில் இன்று வெளிவருகிறது. அதை உருவாக்கிய மூவரில் நானும் ஒருத்தி. எங்களுக்குத் தலைமை தாங்கியவர், நாங்கள் அக்கா என்றே அழைக்கும் மூத்தவர். அச்சான பக்கங்களைத் தடவிப் பார்த்துப் பிழை சொன்னவர் பார்வையற்ற ஆசிரியர்.

வேலை தாமதமானது, மறுக்கவில்லை. வடிவியல் படங்கள் எங்களை வாட்டின, வதைத்தன. தேர்வோ நெருங்கியது. அக்கா இயக்குநரிடம் போனார். "சார், எங்களை வேற வேலைக்கு யாரும் கூப்பிடாம விட்டா போதும். பரீட்சைக்கு முன்னாடி முடிச்சிடுவோம்."

கருணைக் கடல் அடங்குமா? "கவலைப்படாதீங்கம்மா. பன்னிரண்டு பேரை அனுப்பறேன். வேலை சிட்டா பறந்துரும்" என்றார்.

வந்தார்கள். நல்லவர்கள், வல்லவர்கள், வாழ்நாளில் பிரெய்லைத் தொட்டே அறியாதவர்கள். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? நாங்கள். யார் ஐயம் தீர்ப்பது? நாங்கள். அவர்கள் செய்ததைத் திருத்துவது யார்? அதோ, ஒரு தாய் "நீங்கதான்" என்கிறார். நன்றி அம்மா. உங்களை அன்றே நிர்வாகக் குழுவில் சேர்த்திருக்க வேண்டும்.

பின்னத்துக்கு ஆளுக்கொரு குறியீடு போட்டார்கள். ஆசிரியர் ஒரு பக்கத்தைத் தடவிவிட்டுக் கேட்டார்: "இது வகுத்தலா, கழித்தலா, இல்ல யாராவது பேனாவால குத்தி வச்சதா?" அதைப் பேசித் தீர்க்கக் கூட்டம். கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை என்று இன்னொரு கூட்டம். நடந்துகொண்டிருந்த வேலை நொண்டியது, நொண்டிய வேலை நின்றது. தேர்வு வந்தது, நூல் வரவில்லை.

நூல் இல்லாமலே ஒரு மாணவி அந்தத் தேர்வை எழுதினாள். லாரி ஓட்டும் அவள் அண்ணன், வீடு திரும்பியதும் கணக்குகளை வாய்விட்டுப் படித்தார், முக்கோணங்களை அவள் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். தேறிவிட்டாள். இப்போது தட்டுங்கள் கையை.

எங்கள் நூல் எப்படி முடிந்தது என்கிறீர்களா? இன்னொரு குழுவின் அறிவியல் நூல் தாமதமாயிற்று. பன்னிருவரும் அங்கே அனுப்பப்பட்டார்கள். எங்கள் அறை அமைதியானது, நூல் முடிந்தது. அறிவியல் குழுவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதல் பிரதியைப் பெற வந்திருப்பவள் அந்த மாணவிதான். மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இது இனிமே எதுக்குக்கா? அடுத்து எழுதறவங்களுக்குக் கொடுங்க. அந்த அறிவியல் புத்தகத்தையாவது காப்பாத்தச் சொல்லுங்க."

சொல்கிறேன். ஐயா, அவர்களுக்கும் ஆள் அனுப்பி அருள்புரிந்தது போதும். அள்ளிக் கொடுத்த கைகளால் அந்தப் பன்னிருவரையும் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளின் தேர்வுக்கு முன் அழைத்துக்கொள்ளுங்கள். இன்றே, இந்த மேடையிலேயே அழைத்துக்கொள்ளுங்கள்.

மேடையைப் பார்க்க முடியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஐயா தலையசைத்துவிட்டார். கண்ணால் கண்ட தாய்மார்கள் அத்தனை பேரும் சாட்சி. அவர்களுக்கு என் நன்றி, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.