ஐந்தாவது சிவப்புப் பலகை

மாலை ஐந்தே கால் மணி. சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போகும் மண் சாலை. இரு பக்கமும் கள்ளிவேலி... ஆள் அரவம் இல்லை.

நெருப்பை யாரும் கிளறாதீர்கள். கதை முடியும்வரை அது அப்படியே கிடக்கட்டும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு பள்ளியில் வேலை பார்த்த குப்புசாமியின் தாய்மாமனுக்கு நேர்ந்தது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

தாய்மாமன் பெயர் வெங்கிடுசாமி. சொந்த லாரி, அவரேதான் ஓட்டுநர். மலையடிவாரத்தில் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாறை உடைப்பதற்கான வெடிமருந்து, இருபத்து நான்கு பெட்டிகள், அன்று அவர் லாரியில் இருந்தன.

அப்படிப்பட்ட லாரிக்கு நான்கு பக்கமும் ‘வெடிமருந்து’ என்று எழுதிய சிவப்புப் பலகை தொங்க வேண்டும் என்பது விதி. படித்தவர் எழுத்தைப் பார்ப்பார். படிக்காதவர் சிவப்பைப் பார்ப்பார். இருவருமே நெருப்போடு கிட்டே வரமாட்டார்கள். முதல் பெட்டி ஏறுமுன் பலகை ஏற வேண்டும். கடைசிப் பெட்டி இறங்கிய பிறகுதான் பலகையைக் கழற்ற வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் சரக்கைக் கிடங்கில் வாங்கமாட்டார்கள். விடியும்வரை ஓட்டுநர் சாலையோரத்தில் லாரிக்குக் காவல் கிடக்க வேண்டும்.

வெங்கிடுசாமியால் அன்று காவல் கிடக்க முடியாது. வீட்டில் மனைவி குழந்தையம்மாளுக்குக் காலையிலேயே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். இரண்டு நாளாக நீர்கூட உள்ளே தங்கவில்லை. மருத்துவச்சி வள்ளியாத்தாள், “பொழுது எறங்கறதுக்குள்ள ஊடு வந்து சேருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பலகை மாட்டிய லாரி சேந்தமங்கலம் சந்தைத் தெருவுக்குள் நுழையக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றி ஆறு மைல் போக வேண்டும். ஊர் எல்லையில் லாரியை நிறுத்தினார். நான்கு பலகைகளையும் கழற்றினார். இருக்கைக்கு அடியில் தள்ளினார்... சந்தைக்குள் புகுந்தார்.

கூட்டத்தில் லாரி நின்றபோது கடலை வறுப்பவன் ஒருவன், அடுப்புக்குப் பக்கத்தில், லாரியின் மேலேயே சாய்ந்து நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். வெங்கிடுசாமிக்குப் பிடரியில் வியர்த்தது. ஆனாலும் சந்தையைத் தாண்டியதும் அவர் நிறுத்தவில்லை. காரவள்ளி நெருங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். படம் விரிக்காமல் கோழிகளுக்கு நடுவே படுத்துக்கொண்ட நாகத்தின் கதையை முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குஞ்சு தெரியாமல் மிதித்தது. கடிபட்டுக் குஞ்சும் செத்தது, கோழிகள் கொத்தி நாகமும் செத்தது.

கள்ளிவேலி ஆரம்பித்த இடத்தில் லாரியின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. ஆள் ஏறினால் தாழுமே... அதுபோல.

பிறகு ஓர் இருமல்.

பிறகு... சரக்.

தீக்குச்சி உரசும் ஓசை. சுருட்டு வாசனை, முதுகுக்குப் பின்னால் இருந்த சிறு துளை வழியே உள்ளே வந்தது.

லாரியை நிறுத்திவிட்டு அலறினார். “ஏனுங்க! யாருங்க அது? பத்த வெக்காதீங்க! மருந்துங்க... அத்தனையும் மருந்துங்க!”

துளைக்கு அப்பாலிருந்து ஒரு கிழட்டுக் குரல், அவசரமே இல்லாமல், பதில் சொன்னது: “மருந்தா சாமி? செவப்பக் காணமே... அதான் ஏறுனேன்.”

குதித்து இறங்கிப் பின்னால் ஓடினார். யாரும் இல்லை. பெட்டிகளை மூடியிருந்த தார்ப்பாயில் ஒருவர் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. சுருட்டு வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது... மயிர் கருகும் வாசனை.

நான்கு பலகைகளையும் மாட்டினார்.

சூரியன் மேற்கே பாதி இறங்கியிருந்தபோது காரவள்ளிக் கிடங்கை அடைந்தார். காவல்காரர் அர்த்தனாரி கேலிக்காரர்.

“ஏனுங்க மாமா, ஊட்டுல புள்ள பொறக்கப் போவுது... நீங்க ஆமையாட்ட ஊந்துட்டு வாரீங்க?”

வெங்கிடுசாமி தார்ப்பாயை உருவினார். இருபத்து நான்கு பெட்டிகளும் இறங்கின. அர்த்தனாரியே பலகைகளைக் கழற்றினார். முன்னால் ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பின்னால் ஒன்று.

“அஞ்சாவதா இது எதுக்குங்க மாமா?”

பின்பக்கப் பலகைக்கு அடியில் இன்னொன்று தொங்கியது. சிறியது, மாட்டு வண்டிக்கு மாட்டும் அளவு. ஓரமெல்லாம் கருகியிருந்தது. தொட்ட அர்த்தனாரி கையை உதறினார்.

“சுடுதுங்க!”

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. தாழ்ந்த குரலில் சொன்னார்: “இது செல்லமுத்து வண்டிப் பலகைங்க. எட்டு வருசத்துக்கு முந்தி, மருந்து ஏத்திட்டு வந்தவன், சந்தைக்குள்ள பூறணும்னு இதக் கோணியப் போட்டு மூடிட்டான். கள்ளிவேலிகிட்ட, மலைமேல வளப்பூர் நாட்டுப் பெரியவரு ஒருத்தரு, சுருட்டுப் புடிக்கறவரு, சும்மா வண்டிதான்னு பின்னால ஏறிக் குந்திட்டாருங்க... வண்டியும் இல்ல, மாடும் இல்ல. ஆருக்கும் ஒண்ணும் கெடைக்கலீங்க.”

இருவருமாகக் கயிற்றை அறுத்து, பலகையைப் பக்கத்துக் கிணற்றில் போட்டார்கள். தண்ணீரில் விழுந்ததும் சுர்ரென்றது.

வெறும் லாரியை வெங்கிடுசாமி ஒரே ஓட்டமாக ஓட்டினார். பின்னால் இருமல் ஏதும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் விளக்கு. உள்ளே பச்சைக் குழந்தையின் அழுகை. வலுவான, நல்ல அழுகை. வள்ளியாத்தாள் ஓடி வந்து, “பையங்க! தாயும் புள்ளயும் சொகம்!” என்றாள்.

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கினார். அழுதாரா, சிரித்தாரா, அவருக்கே தெரியாது. பிறகு உள்ளே போய், பிள்ளையைப் பார்த்து, கைகால் கழுவ வாசலுக்கு வந்தார். லாரியின் பின்பக்கம் கண்ணில் பட்டது.

அங்கே சிறிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சரக்கு முழுதும் இறங்கினால்தான் பலகையைக் கழற்ற வேண்டும்... அப்படியானால் ஏதோ ஒரு சரக்கு இன்னும் இறங்கவில்லை.

அப்போதுதான் வள்ளியாத்தாள் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கை இடுக்கியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க, உங்களோட வந்த பெரியவரு லாரிலயே உக்காந்துட்டு இருமிட்டு இருக்கறாரு. சுருட்டுக்கு நெருப்புக் கேக்கறாருங்க... குடுக்கலாங்களா?”