கதவுக்குப் பின்னால் ஓர் அகரம்

இந்த அவையைத் தன் பொறுமையால் தாங்கிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேலாளர் பெருமக்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, வேலையையும் வீட்டையும் ஒருசேர முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் உழைப்பாளித் தோழர்களே! ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி என் வீடு தேடி வந்து ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், எங்க சலவைப் பிரிவுல ஒரு அம்மா இருக்காங்க. நாலு தடவை பயிற்சி கொடுத்தாச்சு. மண்டையில ஏறவே மாட்டேங்குது. அஞ்சாவது தடவை நீங்க வந்து வகுப்பு எடுப்பீங்களா?"

நாலு தடவை! ஒரே மருந்தை நான்கு முறை கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், நோயாளியையா திட்டுவீர்கள்? சிரிக்காதீர்கள் ஐயா, நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். நாற்காலி ஒடிந்தால் உட்காரப் பயிற்சி! அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்தால் கையெழுத்துப் பயிற்சி! எதற்கெடுத்தாலும் வகுப்பு, வகுப்பு, வகுப்பு!

அந்த அம்மாவின் பிரிவில் நடந்த தவறு சிறியதல்ல. துவைத்த மூட்டைக்குப் பதிலாக அழுக்கு மூட்டை வார்டுக்குப் போய்விடுகிறது. பிரசவமாகி ஒரு நாள்கூட ஆகாத ஒரு தாயின் கட்டிலில் விரிப்பை உதறி விரித்தால், அதில் வேறு யாருடைய இரத்தக் கறையோ! அன்றே அந்த அம்மாவின் கையில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை.

வகுப்புக்கு முன்னால் அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். போனேன். விரிப்புகளைக் கத்தி முனை போல மடிப்பதால் எல்லோரும் அந்த அம்மாவை 'மடிப்பக்கா' என்கிறார்கள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க டீச்சர். பாடத்தை ஆரம்பிங்க. அழுக்கு இடப்பக்கம், வெளுத்தது வலப்பக்கம். பாட்டாவே பாடிக் காட்டட்டுமா?"

"இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா தப்பு நடக்குது?"

"நான் உள்ளே மெஷின்கிட்ட நிக்கிறேன். வார்டு ஆளுங்கதான் வந்து மூட்டையை எடுத்துட்டுப் போறாங்க. வகுப்பு மட்டும் எனக்கு! போன வகுப்புல கை கழுவக் கத்துக்கொடுத்தாங்க. கத்துக்கொடுத்தவருக்கு நான்தான் சோப்பு எடுத்துக் கொடுத்தேன். அப்படி உக்காந்து பாருங்க டீச்சர், உங்களுக்கே புரியும்."

உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அடுக்குகள். இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளை மூட்டைகள். வலச்சுவரில் 'சுத்தம்' என்று ஒரு பலகை. இடச்சுவரில் 'அசுத்தம்'. ஒரு வார்டுப் பணியாளர் தள்ளுவண்டியால் கதவை இடித்துத் திறந்துகொண்டு வந்தார். கதவு திரும்பிப் போய் இடச்சுவரில் சாய்ந்தது. அசுத்தத்தின் முதல் எழுத்தை அது விழுங்கிவிட்டது! அன்பர்களே, 'அசுத்தம்' என்பதில் 'அ' போனால் மிச்சம் என்ன? இந்தப் பக்கமும் சுத்தம்! அந்தப் பக்கமும் சுத்தம்! வார்டுப் பணியாளர்களோ வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள். கைக்கு எட்டிய மூட்டையை எடுத்தார், வண்டியில் போட்டார். மடிப்பக்கா பாய்ந்து வந்து பிடுங்கி வைத்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"வகுப்பு முடிஞ்சதும் கருத்து எழுதச் சொல்லித் தாள் கொடுப்பாங்க. நாலு தாள்லயும் 'கதவு மறைக்குது'ன்னுதான் எழுதினேன். ஒருநாள் நானே எதிர்ச்சுவர்ல 'இடப்பக்கம் அழுக்கு'ன்னு ஒரு காகிதம் எழுதி ஒட்டினேன். அனுமதி இல்லாம ஒட்டக்கூடாதுன்னு கிழிச்சுட்டாங்க."

அதிகாரியை அழைத்தேன். வந்தார். உள்ளே வந்ததும் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். "எங்க டீச்சர் மறைக்குது? நல்லாத் தெரியுதே!" என்றார். பார்வையிட வருகிற அத்தனை பேரும் அப்படித்தான், கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்!

"ஐயா, இந்த வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போய், திரும்ப வாங்க" என்றேன். போனார். வந்தார். கதவு சாய்ந்தது. இடப்பக்கம் பார்த்தார், "சுத்தம்." வலப்பக்கம் பார்த்தார், "சுத்தம்."

மடிப்பக்கா கேட்டார்: "சார், உங்களுக்கும் ஒரு வகுப்பு போட்டுடலாமா?"

(கை தட்டியது போதும், கேளுங்கள்!) அன்று மாலைக்குள் 'அசுத்தம்' பலகை இரண்டு அடி தள்ளி மாட்டப்பட்டது. அழுக்குத் துணிக்கு நீலப் பை என்று மடிப்பக்கா சொன்னார். நீலப் பை வந்தது. அவருக்குக் கொடுத்த கடிதத்தை நீங்கள் திரும்பப் பெறாமல் நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அந்த இடத்திலேயே ரத்து என்று எழுதிக் கொடுத்தார். ஏழு மாதமாக ஒரு மூட்டைகூட மாறவில்லை.

பின்வரிசையில் யாரோ கேட்கிறார்: "அப்ப பயிற்சியே வேணாமா டீச்சர்?" வேண்டும், தம்பி! முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகை முன் நின்றவள் வேண்டாம் என்பேனா? தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள்! ஒருமுறையாவது சரியாகச் செய்தவருக்கு வேலை தெரியும். அவரைத் தடுப்பது கதவா, கருவியா, அவரைக் கட்டிப்போடும் விதியா என்று பாருங்கள்.

ஏன் பார்ப்பதில்லை தெரியுமா? வகுப்பு வைத்தால் தவறு அவருடையதாகிவிடுகிறது. கதவைத் திருத்தினால் தவறு நம்முடையதாகிவிடுகிறது. அந்தக் கூச்சத்துக்காக ஓர் உழைப்பாளியின் வாழ்க்கையைப் பறிக்கலாமா? நான்கு தாளில் அவர் எழுதியதை நாற்பது நொடி செலவழித்துப் படிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையே! இன்று உங்கள் அலமாரியில் எத்தனை தாள்கள் அப்படிப் படிக்கப்படாமல் கிடக்கின்றன?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். என் எரிச்சலையும் ஏற்றுக்கொண்டு செவிகொடுத்த அவைக்கு நன்றி, நின்றபடியே கேட்ட கால்களுக்குத் தனி நன்றி. அனைவருக்கும் வணக்கம் சொல்லி, ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன்: உங்கள் இடத்தில் அடிக்கடி தவறிப்போகும் வேலை எதுவோ, அதை நாளைக் காலை, அதைச் செய்பவர் சுமக்கும் அதே சுமையோடு, ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.