குனியாத பெயின்டர்

மனைவி: காலை ஆட்டாதீங்க. லேஸ் நழுவுது.

பெயின்டர்: நான் எங்க ஆட்டுறேன்... அதுவா ஆடுது.

மனைவி: மூணு மாடி உசரத்துல நின்னு சுவருக்கு வெள்ளை அடிச்ச ஆளு. ஒரு எக்ஸ்ரேக்கு இப்படிப் பயந்தா...

பெயின்டர்: அங்கேர்ந்து விழுந்தவனும் நான்தானே. முதுகெலும்பு ஒட்டலைன்னு சொல்லிட்டா, மறுபடியும் கத்திதான்.

மனைவி: வாயைக் கழுவுங்க. அந்தக் காலையும் நீட்டுங்க.

பெயின்டர்: எல்லாரும் பாக்குறாங்க. ஆஸ்பத்திரி வராந்தான்னுகூடப் பாக்காம நீ தரையில உட்கார்ந்துக்கிட்டு...

மனைவி: பாக்கட்டும். எக்ஸ்ரேக்குக் கழட்டின ஷூவை யாரு மாட்டிவிடுவா? குனியத்தான் உங்களால முடியாதே.

பெயின்டர்: ம்... முடியாது.

மனைவி: துளிகூட?

பெயின்டர்: துளிகூட. நீ கட்டுற லட்சணமும் தெரியும், பாதி வழியிலேயே அவுந்துடும்.

மனைவி: அவுந்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. எந்திரிங்க, கூப்பிடுறாங்க.

டாக்டர்: வாங்க பெயின்டர். நடை நல்லா இருக்கே. வலி?

பெயின்டர்: எப்பவாவது... படம் எப்படி இருக்கு டாக்டர்?

மனைவி: காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல இவருக்கு. சீக்கிரம் சொல்லிடுங்க.

டாக்டர்: இதோ, இதுதான் நொறுங்கின எலும்பு. அதோட போயிருந்தா வேற மாதிரி பாத்திருக்கலாம். கூடவே அதுக்கு மேல மெத்தை மாதிரி இருந்த டிஸ்க்கும் கிழிஞ்சிருந்துது. எலும்பு ஒட்டும், டிஸ்க் ஒட்டாது. அப்படியே விட்டா முதுகு கூன் விழுந்துடும். அதான் டிஸ்க்கை எடுத்துட்டு, அந்த இடத்துல எலும்பு வச்சு, கம்பி போட்டு...

பெயின்டர்: அதெல்லாம் சரி டாக்டர். ஒட்டிடுச்சா?

டாக்டர்: ஒரே எலும்பா ஒட்டிடுச்சு.

மனைவி: அப்பாடா, கடவுளே...

பெயின்டர்: ஏய், அழாத.

மனைவி: யாரு அழுதா? முதல்ல நீங்க மூக்கைத் துடைங்க.

டாக்டர்: ஏணி, சாரம் பக்கம் மட்டும் போகாதீங்க. தரையில நின்னு தாராளமா பெயின்ட் அடிக்கலாம். எங்க, மெதுவா குனிங்க பாப்போம்.

பெயின்டர்: இப்பவா... இவ இருக்கும்போதா?

டாக்டர்: ஏன், வெட்கமா?

மனைவி: டாக்டர் சொல்றாங்கல்ல, குனிங்க.

டாக்டர்: அட, கணுக்கால் வரைக்கும் கை போகுதே. பழகாம இது வராது. எத்தனை நாளா?

பெயின்டர்: அது... இன்னைக்குத்தான். சந்தோஷத்துல...

மனைவி: புளுகு. நான் வேலைக்குக் கிளம்பினதும் ஐயா ஷூ மாட்டிக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பிடுவார் டாக்டர். ஒரு நாள் கழட்டாமலே தூங்கிட்டார். லேஸ்ல பார்த்தா, சாரம் கட்டுற முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி ஒரு இழுப்பு. அவுக்குறதுக்குள்ள எனக்கு நகமே போச்சு.

பெயின்டர்: கை அதுபாட்டுக்குப் போட்டிருக்கு... இரு, தெரிஞ்சுமா தினம் சாயங்காலம் நடக்கப் போறப்ப மாட்டிவிட்ட?

டாக்டர்: அதை விடுங்க, நீங்க ஏன் மறைச்சீங்க?

பெயின்டர்: முன்னாடியெல்லாம் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவேன் டாக்டர். இவ தலையில நரை விழுந்ததே, எனக்கு லேஸ் கட்டுறப்பதான் கண்ணுல பட்டுச்சு. அந்த நேரம்தான் நாங்க பேசிக்கிறதே. குனிய வருதுன்னு சொன்னா... இவ எந்திரிச்சுப் போயிடுவாளேன்னு.

டாக்டர்: சரிதான். ஏம்மா, நீங்களும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கலையே? போதாக்குறைக்கு, இதோ லேஸ் இப்பவே அவுந்து கிடக்கு.

மனைவி: இறுக்கிக் கட்டத் தெரியாதவ இல்ல டாக்டர் நான். கட்டிட்டா... இவரு என் கையை விட்டுட்டுல்ல நடப்பாரு.