ரிசர்வுலயே ஓடின வண்டி

மணமக்களே... ரெண்டு வீட்டுச் சம்பந்திமாரே... எனக்கு முன்னால பேசினவங்க இருக்கிற வாழ்த்தை எல்லாம் வாழ்த்தி முடிச்சுட்டாங்க. எனக்குன்னு மிச்சம் ஒண்ணும் வைக்கல. அதனால நான் ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டு எறங்கிர்றேன். ஒரு லோடு வண்டியோட கதை. கல்யாண மேடையில லோடு வண்டிக்கு என்ன வேலைன்னு மாப்பிள்ளை முழிக்கிறாரு... இருங்க தம்பி, வர்றேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ரெண்டு சகலைங்க. அக்காளைக் கட்டினவரு ஒச்சப்பன், மல்லிகைத் தோட்டக்காரரு. தங்கச்சியைக் கட்டினவரு தங்கமாயன், விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுறவரு. பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டு பேரும் கூட்டா ஒரு பெட்ரோல் லோடு வண்டி வாங்கினாங்க. விடியக்காலம் பூ மூட்டையோட மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துரும். அப்புறம் அண்டா குண்டாவைத் தூக்கிட்டுக் கிளம்பிரும். நல்ல ஏற்பாடுதானே?

ஆனா பெட்ரோல் விஷயத்துல மட்டும் ஒரு பழக்கம். என்ன பழக்கம்? எனக்கு வேணுங்கிறதை நான் ஊத்திக்கிறேன்... உனக்கு வேணுங்கிறதை நீ ஊத்திக்கோ. ஒச்சப்பன் திரும்பி வர்றப்ப ரிசர்வ் லைட்டு செவப்பா எரியணும். எரியலைன்னா அவருக்கு மனசு கேக்காது, சகலை நம்ம பெட்ரோல்ல ஓட்டிருவாரேன்னு. தங்கமாயன் மட்டும் லேசுப்பட்டவரா? தெருமுனை எறக்கத்துலயே எஞ்சினை அணைச்சிட்டு, வண்டியை உருட்டிக்கிட்டே கொண்டாந்து வாசல்ல நிறுத்துவாரு. அதுல ஒரு பெருமை வேற.

ஒரு நாள் வண்டியில ஒரு சத்தம். டேங்க்குப் பக்கத்துல இருந்து... ஙொய்ய்ய்ய்னு. போகப் போகச் சத்தமும் கூடுது, சகலைங்களுக்குள்ள பேச்சும் கூடுது. அண்டாவை ஏத்தி ஏத்தி வண்டியை நொறுக்கிட்டாருன்னு ஒச்சப்பன் சொல்ல, பூவுக்கு அவசரம்னு விரட்டி விரட்டிக் கெடுத்துட்டாருன்னு தங்கமாயன் சொல்ல... வண்டியில ஏறினா ரெண்டு பேரும் சத்தம் கேக்காம இருக்கப் பாட்டை அலற விட்டுருவாங்க.

செக்கானூரணியில மெக்கானிக் ஜெயமணி பார்த்தாரு. டேங்க்குக்குள்ள இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுற பம்பு கத்துதுன்னாரு. பில்டரைச் சுத்தம் பண்ணினாரு... கத்துது. வயரை மாத்தினாரு... கத்துது. புதுப் பம்பே மாட்டினாரு. கொஞ்ச நாள் பேசாம இருந்துச்சு, அப்புறம் அதுவும் கத்த ஆரம்பிச்சிருச்சு.

கடைசியில வண்டியை வித்துரலாம்னு முடிவு. வித்தா என்ன ஆகும்? ஒச்சப்பன் பழையபடி பூ மூட்டையோட பஸ்ஸுக்கு நிக்கணும். தங்கமாயனுக்கு வாடகை வண்டி கெடைச்சாத்தான் பொழைப்பு. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு... இந்தச் சண்டையில அக்காளும் தங்கச்சியும் பேச்சை நிறுத்திட்டாங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நித்தம் போயிட்டு வந்த கொழம்புக் கிண்ணம் நின்னு போச்சு. அதைக் கேட்டப்ப எனக்கு மனசே சரியில்ல.

திருமங்கலத்துல இருந்து பால்பாண்டின்னு ஒரு காய்கறி யாவாரி, வண்டி பார்க்க வர்றேன்னாரு. உடனே சகலைங்களுக்கு ஒரு கவலை. அவரு ஓட்டிப் பார்க்கிறப்ப செவப்பு லைட்டு எரிஞ்சா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாரு? அசலூர்க்காரரு முன்னாடி மானம் போயிருமே. சண்டையை ஓரமா வச்சிட்டு ரெண்டு பேரும் ஒண்ணாப் பங்க்குக்குப் போனாங்க. வண்டி வாங்கின நாள்ல இருந்து மொத தடவையா... டேங்க்கை வாய் வரைக்கும் நெரப்பினாங்க. பாட்டை அலற விட்டுக்கிட்டே வீடு வந்து சேர்ந்தாங்க.

மறுநாள் காலையில பால்பாண்டி வந்தாரு. சாவியைத் திருப்பினாரு. சகலைங்க ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க... இப்பக் கத்தும்... இப்பக் கத்தும்... கத்தல. ஊரை ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து எறங்கினாரு மனுஷன்.

"அண்ணே, வண்டி அருமையா இருக்கு. இதை எதுக்குண்ணே விக்கிறீங்க?"

தங்கமாயன் ஓரமாப் போயி ஜெயமணிக்குப் போன் போட்டு, சத்தம் நின்னு போச்சுன்னாரு. அப்படி என்னண்ணே செஞ்சீங்கன்னு அவரு கேட்டாரு. ஒண்ணும் செய்யலப்பா, டேங்க்கை நெரப்பினோம், அவ்வளவுதான்னாரு இவரு.

ஜெயமணி சிரிச்சாரு. "அம்புட்டுத்தானாண்ணே... அந்தப் பம்பு பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் சூடாகாம இருக்கும். அடியில கொஞ்சூண்டு வச்சுக்கிட்டே ஓட்டினா, காத்தை இழுத்துக் காய்ஞ்சு கத்தத்தான் செய்யும்."

அவருக்கு ஏன் முன்னாடியே தெரியலைன்னு கேப்பீங்க. ஒர்க்‌ஷாப்புல வண்டியை விடுறப்ப டேங்க்குல பெட்ரோல் வச்சு விடுற ஆளு நம்ம ஊருல யாரு? சிரிக்காதீங்க, நீங்களும் அப்படித்தான். அந்த வண்டி நெறஞ்ச டேங்க்கோட அவரு கண்ணுல பட்டதே இல்ல.

ஒச்சப்பன் நேரா யாவாரிகிட்ட வந்தாரு. "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வண்டி விக்கிறதுக்கு இல்ல." மனுஷன் கோவிச்சுக்கிட்டாரு, கோவிக்க மாட்டாரா? அவரை உக்கார வச்சு, அக்காளும் தங்கச்சியும் ஒரே அடுப்புல ஆக்கிப் போட்டுத்தான் அனுப்பினாங்க.

இப்பச் சொல்லுங்க... அந்த வண்டியைக் கெடுத்தது அண்டாவா? பூ மூட்டையா? தன் பங்கு ஒரு சொட்டுக்கூட அடுத்தவருக்குப் போயிரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பார்த்தாங்களே... அந்த நெனைப்பு.

தம்பி... தாயி... உங்க வீட்டுலயும் ஒரு நாள் சத்தம் வரும். வராத வீடு கெடையாது. என் வீட்டுலயும் வருது, என் சம்சாரம் அங்க உக்காந்து சிரிக்கிறாங்க பாருங்க. அப்போ உன்னாலதான்னு ஆரம்பிக்காதீங்க. உள்ள பாசம் எம்புட்டு இருக்குன்னு எட்டிப் பாருங்க. அவ செஞ்சாத்தான் நான் செய்வேன், அவரு பேசினாத்தான் நான் பேசுவேன்னு அளந்து அளந்து ஊத்தினா, எந்த வீடும் கத்தத்தான் செய்யும். சம்பந்திமாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நீங்க ஊத்துறதுல அவரு ஓட்டட்டும் தாயி. நீங்க ஊத்துறதுல அவ ஓட்டட்டும் தம்பி. அடுத்தவங்க சாவியைத் திருப்புறப்ப வண்டி ஓடணும்னு நெனச்சு ஊத்துங்க... அதுக்குப் பேருதான் குடும்பம். நல்லா இருங்க.