மூன்றாவது வால்வு

இந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறேன், ஐயா. கை பட்டுக் கீழே விழுந்தால் உடைந்துவிடும். நேற்று வாங்கியது. நான் வாங்கியதல்ல, என் தம்பி வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நகர பேண்டுக்குச் சொந்தமான பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறேன். நெளிந்த பித்தளையைத் தட்டி நிமிர்த்துவது, வால்வுகளின் ஓட்டம் பார்ப்பது, விட்டுப்போன இடத்தைப் பற்றவைப்பது, இதுதான் வேலை. தம்பி அதே பேண்டில் ட்யூபா என்கிற பெரிய ஊதுவாத்தியம் வாசித்தான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் என்னை எவ்வளவு நம்பினான் என்று தெரிந்தால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

அணிவகுப்பு ட்யூபாவை நீங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். இடது தோளில் உட்கார்ந்திருக்கும். அகன்ற வாய் முன்னால் பார்க்கும். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வலது கையின் மூன்று விரல்கள், அழுத்தினால் ஸ்வரம் மாறுகிற மூன்று வால்வுகளின் மேல் இருக்கும். வெயிலில் அரை மணி நேரம் நடந்தால் வாத்தியம் சூடேறிச் சுருதி மேலே போய்விடும். அதை இறக்குவதற்குச் சுருதி ஸ்லைடு என்கிற குழாயை ஒரு விரற்கடை வெளியே இழுக்க வேண்டும். பழைய ட்யூபாக்களில் அந்த ஸ்லைடு முதுகுப் பக்கம் இருந்தது. நடந்துகொண்டே இழுக்க எட்டாது. ஆகவே ஊர்வலத்தின் பின்பாதியில் ட்யூபாக்காரர்கள் சுருதி தவறித்தான் வாசிப்பார்கள். அதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

நான் நினைத்தேன். குழாயை வேறு வழியாக வளைத்து, ஸ்லைடை முன்பக்கம், இடது கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். விரல் நுழைய ஒரு வளையம். இழுத்தது தானாகத் திரும்ப ஒரு வில்கம்பி. மணிக்கட்டு முறுக்காமல் இருக்க வால்வுகளையும் சற்றுச் சாய்த்தேன். சாய்ந்த வால்வுகளுக்குப் பிடிமானம் வேண்டுமே, அதற்காகத் தோள் தகட்டிலிருந்து மூன்றாவது வால்வின் கூட்டுக்குச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு முட்டுக்கம்பி வைத்தேன். மொத்தம் ஒன்றரை வருட வேலை. மூன்று முறை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

தம்பிதான் அதை முதலில் தோளில் ஏற்றினான். அன்றைய ஊர்வலம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசித் தெருவிலும் அவன் ட்யூபா மட்டும் சுருதி பிசகவில்லை. பேண்ட் மாஸ்டர் மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்து அவனைப் பாராட்டினார். அந்த ஸ்லைடுக்குத் ‘தம்பி ஸ்லைடு’ என்று அங்கேயே பெயரும் வைத்தார். தம்பி எழுந்து, அதை அண்ணன்தான் செய்தார் என்றான். மாஸ்டர் கையை ஆட்டி அவனை உட்காரச் சொன்னார்.

“தெரியும்ப்பா. சுத்தியல் பிடிக்க அண்ணன், மூளைக்குத் தம்பி. நல்ல ஜோடிதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்தது எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ட்யூபா வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். நிரந்தர வேலை. அதற்காக அவன் பல வருடம் காத்திருந்தான். தேர்வுக்கு நாலு நாள் முன்னால் ட்யூபாவைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்து கொடுத்தான். “உங்க கை பட்டா போதும்ணே, அது தானாப் பாடும்” என்றான்.

முட்டுக்கம்பியைப் பற்றவைப்பதற்கு ஒரு முறை உண்டு. பற்றவைக்கும் முன்பே அது இரண்டு பக்கமும் தானாகத் தொட்டு நிற்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்து, அதை இறுக்கிப் பிடித்துப் பற்றவைத்தால் அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். மேசையில் கிடக்கும்போதும் மடியில் இருக்கும்போதும் ஒன்றும் தெரியாது. தோளில் ஏற்றிப் பாரம் தகட்டில் இறங்கியதும் வால்வின் கூடு ஒரு மயிரிழை கோணும். உள்ளே ஓடுகிற பிஸ்டன் இறுகும். அழுத்தினால் கீழே போகும், திரும்பி வர யோசிக்கும். தோளை விட்டு இறக்கினால் மறுபடியும் தண்ணீர் மாதிரி ஓடும். வாத்தியத்தை மேசையில் கிடத்தித்தான் சோதிப்போம். அதுதான் எங்கள் பேண்டின் வழக்கம்.

மூன்றாவது வால்வு மோதிர விரலுக்கு உரியது. எங்கள் அம்மாவுக்கு நோய் வலது கை மோதிர விரலில்தான் ஆரம்பித்தது. முதலில் விரல் மரத்தது, பிறகு கை, பிறகு கால். நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். முட்டுக்கம்பி மூன்றாவது வால்வில் இருப்பதற்கு வடிவமைப்புதான் காரணம் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஈயம் உருகும்போது அம்மாவின் விரல் என் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தேர்வில் அவன் நடந்து வாசித்தபோது மூன்று இடங்களில் தடுமாறினான். மாஸ்டருக்கும் அது ஆச்சரியம்தான். ட்யூபாவை வாங்கி மேசையில் கிடத்தி மூன்று வால்வுகளையும் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாக ஓடின. வாத்தியத்தில் ஏதாவது கோளாறா என்று தம்பியைக் கேட்டார்.

“அதுல ஒரு குறையும் இருக்காதுங்க. எங்க அண்ணன் பார்த்துக் கொடுத்தது. எனக்குத்தான் விரல் எழும்பல.”

இதை அவன் தன் வாயால் சொன்னான். யாரும் அவனைச் சொல்ல வைக்கவில்லை.

அடுத்த வாரங்களில் வீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பழகினான். நன்றாக வந்தது. ஒத்திகைக்குப் போய்த் தோளில் ஏற்றியதும் விரல் நின்றது. “ஒரு நேரம் இருக்குண்ணே, ஒரு நேரம் இல்ல. அம்மாவுக்கும் இப்படித்தானே வந்து வந்து போச்சு?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அம்மாவுக்கு அப்படித்தான் வந்து போனது. அதில் பொய் இல்லை.

டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இருந்ததைச் சொன்னேன். மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. கேட்காதுதான். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்த விரலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அவன் விரல் நலமாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் முழு மனதோடு வேண்டிக்கொண்டேன். நம்புவது உங்கள் விருப்பம்.

ஐந்தாவது மாதம், உள்ளங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம், கீறிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். தம்பி என்னைப் பார்த்தான். “நீங்க என்ன சொல்றீங்களோ அதுண்ணே” என்றான். படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். முட்டுக்கம்பியைச் சூடாக்கி இழுவையை விடுவிப்பது ஐந்து நிமிட வேலை என்று அந்த நேரத்திலும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்திருந்தால் அதற்கு முந்தைய ஐந்து மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

அறுவைக்குப் பிறகு அவனுடைய மோதிர விரல் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. இப்போது நிமிராது. நான்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், சாப்பாடு ஊட்டினேன். மாஸ்டர் இரக்கப்பட்டு, இசை நோட்டுத் தாள்களை அடுக்கி வைக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்தார். பெண் பார்த்து வைத்திருந்த இடத்தில் அவனே போய், எனக்கு அம்மாவின் நோய் வந்துவிட்டது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

எட்டு மாதம் ட்யூபா அலமாரியில் கிடந்தது. போன வாரம் அதை வாசிக்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். உயரமானவள். பேண்டில் எல்லாரும் கொக்கு என்று கூப்பிடுகிறார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் ஒத்திகையிலேயே மூன்றாவது வால்வு திரும்பி வரவில்லை என்றாள். மாஸ்டர் வழக்கம்போல் மேசையில் கிடத்தச் சொன்னார். அவள் கிடத்தவில்லை.

“மேசையா மாஸ்டர் வாசிக்கப் போகுது? என் தோள்ல இருக்கு. இங்கயே அழுத்திப் பாருங்க.”

அவர் தன் விரலை வைத்து அழுத்தினார். வால்வு கீழே போய் அங்கேயே நின்றுகொண்டது.  வெளிப் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து முட்டுக்கம்பியைச் சூடாக்கினார்கள். ஈயம் இளகியதும் கம்பி சட்டென்று விலகியதாம். அதற்குப் பிறகுதான் விசாரிக்க நீங்கள் வந்தீர்கள்.

நேற்று மாலை தம்பி பட்டறைக்கு வந்தான். மடங்கிய விரலை மற்றக் கைக்குள் வைத்திருந்தான். முகத்தில் அவ்வளவு சிரிப்பு.

“அம்மா நோய் எனக்கு வரலண்ணே. வால்வுதான் இறுகியிருந்திருக்கு.” பிறகு சட்டைப் பையிலிருந்து இந்தக் கூட்டை எடுத்து என் கையில் வைத்தான். “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. கண்ணு கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். போட்டுப் பாருங்க.” இடுக்கிகளுக்கு நடுவில் இருந்த என் டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இன்று காலை நீங்கள் இரண்டு காகிதங்களை வாசித்துக் காட்டினீர்கள். ஒன்று, அந்த ஸ்லைடு முழுவதும் அண்ணனின் யோசனை, பெயரை மாற்ற வேண்டும் என்று தம்பி மாஸ்டருக்கு எழுதியது. அது அவர் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். நான் பற்றவைத்ததற்கு ஒன்பது நாள் முன்பு. அவன் எதையும் என்னிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது சின்ன வயதிலிருந்தே அவனிடம் உள்ள குறை.

இரண்டாவது, உங்களுக்கு எழுதியது. அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது, கவனப் பிசகாக நடந்தது, அவர் வேலையை எடுத்துவிட வேண்டாம் என்று இடது கையால் எழுதியிருக்கிறான். அதை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டால் இதோடு முடித்துவிடலாம் என்று நீங்களும் நல்ல மனதோடு சொன்னீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது, ஐயா. இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. என் கண்ணில் குறையில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முட்டுக்கம்பியைக்கூட நான் தவறி இறுக்கியதில்லை. இதையும் தவறி இறுக்கவில்லை. எவ்வளவு இறுக்கினால் மேசையில் தெரியாது, தோளில் தெரியும் என்று இரண்டு முறை பற்றவைத்துப் பிரித்தேன். என் தோளிலேயே ஏற்றிப் பார்த்தேன். மூன்றாவது முறை சரியாக அமைந்தது.

ஆகவே கவனப் பிசகு என்று எழுதியிருக்கிற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது சுத்தமான வேலை.