ஃபியூஸ் போகாத ஆம்ப்ளிஃபயர்

டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். அவசரமில்லை என்றால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ராயபுரத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வேல்குமார் என்றால், விசேஷங்களுக்கு மைக் செட் கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மங்கலம் கந்தவேலும் சவுண்டு சர்வீஸ்தான். எனக்குப் பழைய சிநேகிதன். அவனுடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி இந்த வருஷம் ஓயாமல் மெயின் ஃபியூஸைத் தின்றுகொண்டிருந்தது. புதிதாகப் போட்டுக் கொடுப்பேன். ஒரு விசேஷம் ஓடும், அடுத்ததில் படுத்துவிடும். டயோடை மாற்றினேன். டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். மறுபடியும் போனது.

போன மாதம் ஒரு காதுகுத்து. நானும் என் மனைவி மைதிலியும் போயிருந்தோம். பாட்டு பாதியில் நின்றது. கந்தவேல் எழுந்து, பந்தலுக்கெல்லாம் கேட்கும்படி வெறும் தொண்டையிலேயே சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க. ராயபுரத்துல நமக்கு ஒரு டாக்டர் இருக்காருங்க. வவுத்து வலின்னு போனா, சட்டைப் பொத்தானை மாத்தித் தெச்சு அனுப்பிருவாரு."

பந்தலே சிரித்தது. அது பரவாயில்லை, அவன் விளையாட்டாகப் பேசுகிறவன்தான். ஆனால் மைதிலியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் பெட்டியோடு வந்தான். "வேலு, மாரியம்மன் நோம்பி வருது. இந்த வாட்டியாச்சும் ஃபியூஸ் போவாம பண்ணிக் குடுப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

பொறுமையாக உட்கார்ந்தேன். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு குண்டு பல்பை இணைத்து, ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிப் பார்த்தேன். பழுது உள்ளே இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். எல்லாம் கழற்றிய பிறகும் எரிந்தது. மிச்சம் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். அது சூடேறினால், உள்ளே இன்சுலேஷன் கருகிய இடத்தில், மெயின் கரண்டு நேராகப் பெட்டியின் இரும்பு உடம்புக்கு இறங்குகிறது. அங்கிருந்து எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் பாய்கிறது. அப்போதெல்லாம் ஃபியூஸ் உருகி, தொடுகிறவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் தீர்ந்தது. கடையிலேயே புதிது ஒன்று இருந்தது. நான் அதைத் தொடாமல் எர்த் ஒயரைக் கழற்றினேன். ஃபியூஸ் போகவில்லை. டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்தேன், கரண்டு இருக்கிறது என்று விளக்கு எரிந்தது. மைக்கின் மேல் வைத்தேன், அதிலும் எரிந்தது. மூடியை முடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

கந்தவேலுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி, அவ்வளவுதான் என்று நேற்று வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோம்பியன்று காலையில் கோயிலுக்குப் போனேன். வாசலெங்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எல்லோரும் வெறுங்கால். பெட்டி மரப் பெஞ்சின் மேல் பாடிக்கொண்டிருந்தது, மைக் பக்கத்தில் கிடந்தது. கந்தவேல் பிளாஸ்டிக் குமிழை மட்டும் திருகிக்கொண்டிருந்தான். கும்மி தொடங்கும்போது மைக்கை அவன்தான் எடுப்பான். எப்போதும் அப்படித்தான்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு கண்ணு, நீயே ஆரம்பிச்சுரு" என்று தன் தங்கச்சி மகளைக் கூப்பிட்டான். பூங்குழலி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள், நன்றாகப் பாடுவாள். போகிற போக்கில் என்னைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, இன்னிக்குப் பாதியில நின்னுராதுங்களே?"

"நிக்காது கண்ணு" என்றேன்.

பெட்டிக்குக் கரண்டு போகும் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்துத் தூணில் இருந்தது. அணைத்திருக்கலாம். அணைத்தால் பாட்டு நிற்கும். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்க்கும். மைதிலி முன் வரிசையில் நின்றிருந்தாள்.

பூங்குழலியால் மைக்கை விட முடியவில்லை. ஸ்பீக்கரில் ஒரு உறுமல் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்கள். நான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கந்தவேல் என் தோளில் விழுந்து அழுதான். "உம்மேல தப்பில்ல வேலு, என்ற பெட்டிதான் பழசு" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆனால் நேற்று உங்கள் ஏட்டையா கடைக்கு வந்து, 'பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக்' என்று எழுதிக்கொண்டு போனார். அதற்காகத்தான் வந்தேன், ஐயா. பழுது எங்கே என்று எனக்குத் தெரியும். மைக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அந்தப் பிள்ளை கையை நீட்டும்போதும் தெரியும். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம்.